கம்சலாவுக்கு இளைய கார்

லீலாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து இல்லை. கார் சீட் பெல்ட்டைப் பார்த்து.

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். காலை பத்து மணி. மூச்சு வாங்குது, ஒருதரம் காட்டிட்டு வந்திடலாம் என்று அவளே சொல்லி, அவளே சேலை மாற்றி, அவளே வந்து ஏறியிருந்தாள். இறங்குவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றினாள். குனிந்து, பெல்ட் தரையோடு சேருகிற இடத்தில் தைத்திருக்கும் சின்ன வெள்ளைத் துணியைப் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"ரெண்டாயிரத்து ரெண்டு," என்றாள். "நல்ல கார்ங்க. இன்னும் இளசாவே இருக்கு."

சிரித்தபடி இறங்கினாள். வாசலில் நின்ற ஆஸ்பத்திரிப் பெண் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். நான் காரை விட இடம் தேடிப் போனேன். இடம் கிடைத்துத் திரும்பி வர இருபது நிமிஷம். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். இதயம் என்றார்கள்.

அன்று அவள் எதற்காகப் பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தாள் என்பது தெரிய எனக்குப் பதினோரு மாதம் ஆனது. தெரிந்தபோது நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தக் காரைச் சொல்ல வேண்டும். காரைச் சொல்ல வேண்டுமானால் என் லொறியைச் சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருஷம் நான் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினேன். மலையில் இருந்து ஃபாக்டரி, ஃபாக்டரியில் இருந்து மலை. மணிக்குப் பதினைந்து மைல். அதற்கு மேல் போனால் கொழுந்து நசுங்கும் என்பார்கள். முன்னால் ஒரு மாடு போனால் நான் மாட்டுக்குப் பின்னால் போவேன். மாடு நின்று யோசித்தால் நானும் நின்று யோசிப்பேன். என்னைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தே முந்திப்போய், திரும்பி நின்று கை காட்டியிருக்கிறார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் வேலையை விட்டேன். அன்று கண்ணாடி முன்னால் நின்று ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி இந்த சண்முகராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு மூட்டை ஏறாது. இனி மாட்டுக்குப் பின்னால் போகிற பேச்சே இல்லை. வாங்கினால் ஸ்போர்ட்ஸ் கார்.

தீர்மானத்தை லீலாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினில் இருந்தாள்.

"லீலா, கார் வாங்கப் போறேன்."

"வேனா?"

"காருன்னு சொன்னேன்."

"எத்தனை கதவு?"

"ரெண்டு."

"மிச்சம் ரெண்டு எங்கங்க?"

"ஸ்போர்ட்ஸ் காருக்கு ரெண்டுதான்."

"அப்ப விலையில பாதியா?"

"கூட."

மெஷின் நின்றது. எங்கள் வீட்டில் லீலாவின் மெஷின் நின்றால் கடிகாரம் நின்ற மாதிரி. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.

லீலா பசறை வீதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்துதான் தைப்பாள். ஊர்க்காரர்களின் ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபோம். அது போக, பக்கத்து வீட்டுக் கலாராணி மாதம் இரண்டு தரம் பண்டாரவளைக் கடை எதிலிருந்தோ வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பாள். தைத்து முடித்ததும் அவளே எடுத்துப் போவாள். எந்தக் கடை என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. பின்னறைக்கு வர வேண்டுமென்றால் அடுப்படியைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் தெரிந்துகொண்டுதான் போவார்கள்.

அதனால் அவள் ஒன்பது வருஷமாக ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டைப் பார்த்த முன்பக்க ஷெட். அதில் மெஷினைப் போட வேண்டும், பேர்ப் பலகை மாட்ட வேண்டும். நான் கொடுக்கவில்லை. அதில் என் சாமான்கள் இருந்தன. லொறி டயர் ஒன்று, செத்த பேட்டரி இரண்டு, எதிலும் பொருந்தாத ஸ்டியரிங் ஒன்று. ஆம்பிளைக்கு ஒரு இடம் வேண்டாமா?

"நீங்க வாங்குற சாமானைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றாள் லீலா. "புது ஃபிரிட்ஜுன்னு கொண்டு வந்தீங்க. திறந்து பார்த்தா உள்ள யாரோ வச்ச மீன் இருந்துச்சு."

"அது கடைக்காரன் செஞ்ச வேலை."

"அந்தக் கடைக்காரனைத் தேடிப் பிடிச்சது யாரு?"

எங்கள் மகள் கம்சலா மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. படிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"சரி, வாங்குங்க," என்றாள் லீலா. நான் அதிர்ந்துபோனேன். சரி என்ற சொல் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து வந்ததே இல்லை. "ஆனா அந்தக் கார் கம்சலாவுக்கு மூத்ததா இருக்கக் கூடாது. இந்தப் புள்ளையை வளர்க்கவே எனக்கு முதுகு விட்டுப்போச்சு. இவளுக்கு மூத்ததை, எவனோ வளர்த்துக் கெடுத்ததை, என் வாசல்ல கொண்டாந்து விடாதீங்க."

"இளையதா இருந்தா?"

"ஷெட்டுல விட்டுக்குங்க. நான் செத்தாலும் அதைக் கேக்க மாட்டேன்."

"மூத்ததா இருந்தா ஷெட் உனக்கு. போதுமா?"

"சத்தியம்?"

"கதிர்காமத்துச் சாமி சத்தியம்."

"நான் சாட்சி," என்றாள் கம்சலா, புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே.

பண்டாரவளையில் மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் தயாபரன் என்று ஒரு தரகர். கறுப்புக் கண்ணாடி. மழையிலும் அதைக் கழற்ற மாட்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் இருந்ததா என்றே எனக்கு இன்று வரை தெரியாது. அவர் காட்டிய கார் செக்கச் செவேலென்று இருந்தது. தரையோடு தரையாக, பாயப்போகிற மாதிரி.

"ஜப்பான்ல ஒரு டீச்சரம்மா வச்சிருந்ததுண்ணே. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாங்களாம்."

"எங்க போறதுக்கு?"

"கோயிலுக்கு."

"ஜப்பான்ல கோயில் இருக்கா?"

"ஏண்ணே, ஜப்பான்காரனுக்கு மட்டும் கஷ்டம் இல்லையா?"

நியாயமாகப் பட்டது. இருந்தாலும் நான் ஏமாறுகிறவன் இல்லை. டயரை உதைத்தேன். பொனட்டைத் திறந்து மூடினேன். மறுபடியும் திறந்து மூடினேன். இஞ்சினுக்குக் காது கொடுத்துக் கண்ணை மூடி நின்றேன். கடைசியாக வாகனப் பதிவுப் புத்தகத்தை வாங்கி, செய்த வருஷம் என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். 2002. கம்சலா பிறந்தது 96. ஆறு வயது இளையது. கையெழுத்துப் போட்டேன்.

கார் பதுளைக்குள் நுழைந்தபோது எனக்கு முன்னால் ஒரு மாடு போனது. ஹோன் அடித்து முந்தினேன். இருபத்தாறு வருஷத்துக் கடன் தீர்ந்தது.

லீலா சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மாப்பிள்ளை பார்க்க வந்தவள் போல எல்லாவற்றையும் பார்த்தாள்.

"பார்த்தா வயசு தெரியலையே," என்றாள்.

"ரெண்டாயிரத்து ரெண்டு. புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல இருக்கட்டும். உடம்புல எங்க இருக்கு?"

"உடம்புலயா?"

"கலாராணி வீட்டுக்காரர் வேன் ஓட்டுறவர் இல்லையா, அவர் சொன்னாராம். கண்ணாடியை மாத்துவாங்க, லைட்டை மாத்துவாங்க, பெயின்ட் அடிப்பாங்க. பெல்ட்டுக்கு அடியில ஒரு துண்டுத் துணி இருக்குமாம். அதுல கார் செஞ்ச வருஷம் இருக்கும். அதை யாரும் மாத்த மாட்டாங்களாம். காட்டுங்க."

"இருட்டிடுச்சு. நாளைக்குக் காட்டுறேன்."

பின்னேரம் நாலு மணி. அவள் வானத்தை மட்டும் ஒருமுறை பார்த்தாள்.

காலையில் ஒயில் மாற்றுகிற சாக்கில் ஹாலிஎலயில் மாரிசாமியின் கராஜுக்குப் போனேன். மாரிசாமி என் லொறியைப் பல வருஷம் சாகாமல் காப்பாற்றியவன். சந்தேகம் எதுவும் இல்லை, சும்மா பெல்ட்டுக்கு அடியில் பாரு என்றேன். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே தலையை விட்டான். இரண்டு பக்கமும் பார்த்தான். வெளியே வந்து கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, உட்காருங்க."

"நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"இல்லண்ணே, உட்காருங்க."

உட்கார்ந்தேன்.

"தொண்ணூத்தி மூணு."

"எது, டயர் நம்பரா?"

"பொறந்த வருஷம்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மாரிசாமியின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. தொண்ணூற்று மூன்று எங்கள் கல்யாண வருஷம். அந்த வருஷம் வீட்டுக்கு வந்த எதுவும் இப்போது சரியாக வேலை செய்வதில்லை. குக்கர், ரேடியோ, நான்.

"புத்தகத்துல 2002 இருக்கேடா!"

"அது வேற காரோட புத்தகம்ண்ணே. அந்தக் கார் எங்கயோ மோதிச் செத்திருக்கும். இந்த மாடலைப் பத்து வருஷமா மூஞ்சி மாத்தாம செஞ்சிருக்கானுங்க. செத்த காரோட புத்தகத்தைக் கிழவனுக்குக் குடுத்து, நம்பரையும் தட்டி, பெயின்டும் அடிச்சு விட்டிருக்கானுங்க."

கூடு விட்டுக் கூடு பாய்வதைக் கதையில் கேட்டிருக்கிறேன். அதற்குக் கையெழுத்துப் போட்டுக் காசும் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

நேரே பண்டாரவளைக்கு ஓட்டினேன். தயாபரன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு ஆள் கரட் விற்றுக்கொண்டிருந்தான்.

"இங்க கார் வித்தவர் எங்க?"

"கரட் வேணுமா?"

"கறுப்புக் கண்ணாடி போட்டவர்!"

"நல்ல கரட்ண்ணே. கண்ணுக்கு நல்லது."

போலீசுக்குப் போகலாம் என்று மாரிசாமி சொல்லியிருந்தான். போலீசுக்குப் போனால் லீலாவுக்குத் தெரியும். திருடனைப் பிடிப்பதா, ஷெட்டைக் காப்பதா? ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். லீலா கடைக்குப் போயிருந்தாள். அவளுடைய கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு பெல்ட்டிலும் அந்தத் துண்டுத் துணியை வெட்டினேன். அவளுடைய கத்தரிக்கோலைத் துணியைத் தவிர வேறெதற்கும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் இதுவும் துணிதானே. வெட்டிய துண்டுகளை எங்கே ஒளிப்பது? அடுப்பில் போட்டால் நாற்றம் அடிக்கும். வெளியே எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். யோசித்தேன். துணியை ஒளிக்கத் துணி மூட்டையைவிட நல்ல இடம் உண்டா? லீலா தைத்து மிஞ்சுகிற வெட்டுத் துண்டுகளைப் போடும் மூட்டைக்குள் ஆழமாகச் செருகினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் வந்ததும் கேட்டாள். "காட்டுறேன்னீங்களே?"

"பெல்ட் ரெண்டையும் கழட்டியிருக்கேன். ஒரே அழுக்கு. கழுவக் குடுக்கப் போறேன்."

"குடுங்க, நான் தோய்க்கிறேன்."

"உனக்கு முடியாது. இது ஜப்பான் அழுக்கு."

மறுநாள் பெல்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் பண்டாரவளை. பதுளையில் எந்தத் தையல்காரரிடம் போனாலும் லீலாவின் காதுக்குப் போய்விடும். தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். பண்டாரவளையில் நம்மை யாருக்குத் தெரியும்? மொஹிதீன் நானாவின் கடையைப் பிடித்தேன். பள்ளிக்கூட யூனிஃபோமும் பேட்ஜும் செய்கிற கடை. அவருக்கு எழுபது வயது இருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப்.

"இந்த அளவுல ரெண்டு வெள்ளைத் துணி. பேட்ஜ் மாதிரி. கொஞ்சம் ஜப்பான் எழுத்து. கீழே 2002."

"ஜப்பான் எழுத்து எப்படி இருக்கும்?"

"வீடு கட்டுற மாதிரி நாலு கோடு போடுங்க நானா. போதும்."

"செஞ்சு?"

"இந்தப் பெல்ட்டுல, முன்னால இருந்த தையல் அடையாளத்திலேயே தைக்கணும். பார்த்தா கம்பனியில தைச்ச மாதிரி இருக்கணும்."

மொஹிதீன் நானா என்னைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"துணியை நான் செஞ்சிடுவேன். இந்தத் தடிப்புல அப்படித் தைக்கிற கை என்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. வெளியில இருந்து தைக்கிறவங்க. பேரு ஊரு?"

ஊர் பதுளை என்றேன். பேர் மாடசாமி என்றேன். மாடசாமி என் பழைய கங்காணி. அவர் இறந்து பல வருஷம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

"அந்த ஆள் வாய் விட மாட்டாங்களே?" என்று கேட்டேன்.

"அவங்க கெட்டிக்காரப் பொம்பள. ஒரு சொல் வெளியே போகாது," என்றார் நானா.

அந்த வாரம் லீலாவின் மெஷினில் ஊசி உடைந்தது.

"என்னங்க, டவுனுக்குப் போனா பதினெட்டாம் நம்பர் ஊசி நாலு வாங்கிட்டு வாங்க. தடிச்ச துணி ஒண்ணு வந்திருக்கு. குத்த மாட்டேங்குது."

"அவ்வளவு கஷ்டமா இருந்தா திருப்பிக் குடுத்திடேன்."

"குடுத்தா அந்த ஆள் பாவம்ங்க."

பெண்களுக்கு இரக்கம் அதிகம். போய் வாங்கி வந்தேன். நல்ல ஊசியாகப் பார்த்து, கடைக்காரனிடம் இரண்டு தரம் கேட்டு வாங்கி வந்தேன்.

எட்டாம் நாள் பெல்ட்டுகளை வாங்கினேன். அசந்துபோனேன். அவ்வளவு நேர்த்தி. பிறந்தபோதே காரோடு பிறந்தது போல ஒட்டியிருந்தது வெள்ளைத் துணி. இந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம் நானா என்று சொல்லிவிட்டு வந்தேன். மாரிசாமி மாட்டிக் கொடுத்தான். மாட்டும்போது அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

லீலாவை வாசலுக்குக் கூப்பிட்டேன். "வா. உடம்புல காட்டச் சொன்னியே. வந்து பாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நிறைய நேரம் பார்த்தாள். 

"ரெண்டாயிரத்து ரெண்டு," என்றாள்.

"சொன்னேன்ல?"

"நல்ல தையல்ங்க."

"பின்ன? ஜப்பான் தையல்!"

"அவனுங்களும் நம்மள மாதிரிதான் ஓரம் மடிக்கிறானுங்க."

"மெஷின் எங்கயும் ஒண்ணுதானே."

"அதுவும் சரி." நிமிர்ந்தாள். "நான் தோத்துட்டேன். ஷெட்டை எடுத்துக்குங்க. கார் இளசுதான்."

உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வரும் போல சந்தோஷம். முப்பது நிமிஷம் இருந்தது அந்தச் சந்தோஷம். பிறகு மெஷின் நின்றது.

"என்னங்க, கார் புதுசுதானே?"

"அதான் பார்த்தியே."

"அப்ப லுணுகலைக்கு ஏறும்தானே? ஸ்கூல் யூனிஃபோம் இருநூறு உருப்படி குடுக்கணும். பஸ்ல கசங்குது."

"ஸ்போர்ட்ஸ் கார்ல மூட்டையா!"

"பழைய காருன்னா நான் கேட்டே இருக்க மாட்டேன். இது புதுசாச்சேன்னுதான் கேக்குறேன்."

 பழசு, ஏறாது என்பது வாய் வரை வந்தது. வாயை மூடினேன். பின்சீட்டில் நான்கு மூட்டை, லீலாவின் மடியில் ஒன்று, என் கழுத்துக்குப் பின்னால் ஒன்று. பசறை தாண்டி ஏறும்போது ஒரு மாடு எங்களை முந்தியது.

தோட்டத்து ரோட்டில் காரின் வயிறு கல்லில் உரசியது. லயத்து வீடுகளின் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். "ஏன் மாமா இந்தக் காருக்குக் கால் இல்ல?" என்று கேட்டது ஒன்று. நான் மூட்டைகளை இறக்கினேன். லீலா உருப்படிகளை எண்ணிக் கொடுத்தாள். ஒவ்வொரு சட்டையின் உள்மடிப்பிலும் பச்சை நூலில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது.

"இது என்ன?"

"என் அடையாளம்ங்க. கடைக்குத் தைக்கிறவங்க பல பேரு. எது யார் தைச்சதுன்னு தெரியணுமே. பழகிப்போச்சு, எல்லாத்துலயும் போட்டுடுவேன்."

அதன் பிறகு வாரம் ஒரு தோட்டம். கிளச் நாறினால், "புதுசுதானே, பழகிக்கும்" என்பாள். கதவு திறக்காமல் சிக்கினால், "புதுசுதானே, இறுக்கமா இருக்கும்" என்பாள். மாரிசாமியிடம் ஒளித்துக்கொண்டு போய் ஒளித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்வேன். "இப்ப எல்லாம் உங்களுக்குப் பக்தி கூடிப்போச்சுங்க," என்பாள். "சட்டையெல்லாம் ஒயில் நாறுது. நெய் விளக்கு ஏத்த மாட்டீங்களா?"

ஒரு நாள் பெரகலயில் யூனிஃபோம் கொடுத்துவிட்டு அப்புத்தளைக்கு ஏறினோம். சந்தியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். பொனட்டில் இருந்து புகை பொங்கியது. தண்ணீர் கொதித்து ரேடியேட்டர் மூடியைத் தூக்கி எறிந்தது. மூடி எங்கேயோ பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டது. பனி வேறு. புகை எது, பனி எது என்று தெரியவில்லை. காற்று சேலையைப் பறித்தது. லீலா கல்லில் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

என்னால் முடியவில்லை. மனசுக்குள்ளும் மூடி பறந்துவிட்டது.

"லீலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தக் கார்..."

"முதல்ல தண்ணி ஊத்துங்க. அப்புறம் சொல்லலாம்."

சந்திக் கடைக்குப் போய் இரண்டு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.

"லீலா, இந்தக் கார் உண்மையில..."

"எனக்குத் தெரியும்ங்க."

கையில் இருந்த போத்தல் விழுந்தது.

"என்ன தெரியும்?"

"ஏன் சூடாகுதுன்னு. ஷெட்டுக்குள்ளயே அடைச்சு வைக்கிறீங்க. காத்தில்ல. இளசு காத்தாட நிக்கணும். பழைய காருக்குத்தான் கூரை வேணும். மழை பட்டா துரு ஏறும். இது புதுசு. வெளியில விடுங்க, சரியாயிடும்."

அந்த நேரத்தில் அவள் காரைக் கிணற்றில் விடச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். தப்பித்தேன் என்று தோன்றியது. "அதுதான் சரி," என்றேன். "வெளியிலேயே நிக்கட்டும்."

"அப்ப ஷெட்டு சும்மாதானே கிடக்கும்?" என்றாள் லீலா. "பழைய டயருக்கு எதுக்குங்க ரோட்டைப் பார்த்த இடம்?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு மேல் பலகை ஏறியது. லீலா தையலகம். பலகையைக் காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தவன் நான். ஏணியைப் பிடித்தவனும் நான்.

பதினோரு வருஷம் அந்தக் கடை நடந்தது. கார் வாசலில், மழையில், வெயிலில் நின்றது. நான் அதில் பள்ளிக்கூட உடுப்பு இழுத்தேன், அவளை இழுத்தேன், பண்டாரவளையில் இருந்து துணிக்கட்டும் இழுத்தேன். துணிக்கட்டை மட்டும் கலாராணி ஸ்டேசனில் வைத்து என் கையில் கொடுத்தாள். கடைப் பக்கம் என்னை யாரும் கூட்டிப் போகவில்லை. நானும் மொஹிதீன் நானாவின் கடைத் தெருவில் தலை காட்டவில்லை, மாடசாமி என்று கூப்பிட்டுவிடுவார் என்ற பயத்தில். ஒரு நாளும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்திலாவது அவளை ஜெயித்தேன் என்று ஒரு சின்ன நினைப்பு உள்ளே இருந்தது. அவள் போன பிறகு அந்த நினைப்பு கனக்கவும் செய்தது. சொல்லியிருக்கலாமோ என்று.

அவள் போய்ப் பதினோராம் மாதம் கம்சலா பள்ளி விடுமுறைக்கு வந்தாள். இப்போது அவள் அட்டனில் ஆசிரியை. கோயிலுக்குப் போகலாம் என்று காரில் ஏறினாள், அம்மா உட்காரும் பக்கம். பெல்ட்டை இழுத்தாள். எங்கேயோ சிக்கியிருந்தது. பலமாக இழுத்தாள்.

"அப்பா, இது கையோட வந்திடுச்சு."

வெள்ளைத் துணி. 2002. நானாவின் நாலு கோடு. பின்பக்கம் திருப்பினேன். ஓரமடிப்பில் பச்சை நூல் முடிச்சு ஒன்று.

 குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். வெள்ளைத் துணி இருந்த இடத்தில், அதற்கு அடியில், இன்னொரு துண்டு தைத்திருந்தது. மஞ்சளாகிப்போன துண்டு. ஒரு ஓரத்தில் கத்தரிக்கோல் கோணலாகப் போன வெட்டு. என் வெட்டு. நடுவில் 1993.

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா?"

"கம்சலா... இந்தக் கார் உனக்கு மூணு வயசு மூத்தது."

"தெரியுமே," என்றாள்.

"தெரியுமா!"

"கழிவுத்துணியில தலகாணி அடைக்கிறப்ப அம்மா அந்தத் துண்டை எடுத்தாங்க. ரெண்டு நாள்லயே மொஹிதீன் நானா அந்தப் பெல்ட்டை அம்மாவுக்கே தைக்க அனுப்பிட்டாரு. நீங்க ஊசி வாங்கப் போனீங்களே, அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல கலாராணி அத்தை ஓடி வந்துட்டாங்க."

"அவங்களுக்கும் தெரியுமா?"

"மாரிசாமி மாமாவுக்கும்."

"அப்ப ஏன் லீலா ஒரு வார்த்தை கேக்கல? பந்தயத்துல அவதானே ஜெயிச்சா? அன்னைக்கே ஷெட்டை எடுத்திருக்கலாமே."

"நானும் கேட்டேன்," என்றாள் கம்சலா. "சொன்னா ஷெட்டு மட்டும்தான் கிடைக்கும்னாங்க."

மேல் துணியை லீலா சாதா நூலில் தைத்திருந்தாள், அது பிய்ந்து வந்துவிட்டது. அடித்துணிக்கு இரட்டை நூல். நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.